புதிதாக வந்த பூனை: டர்பன் தமிழ் வீடுகளில் எழும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மேர்பேங்க், டோங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்கள், பூனையைத் தத்தெடுத்த முதல் மாதத்தில் கேட்பவை இவை. விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.யிலிருந்து கூட்டிவந்த பூனையானாலும், தெருவிலிருந்து தானாகவே வீட்டோடு ஒட்டிக்கொண்ட பூனையானாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பாதிக் கேள்விகளுக்குப் பதில் "சும்மா விடுங்கள்" என்பது. மீதிப் பாதிக்கு, "ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்" என்பது. எது எந்தப் பாதி என்று தெரியாதபோதுதான் சிக்கல் வருகிறது.

வந்த நிமிடமே கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு நாளாக வெளியே வரவில்லை. இழுத்து எடுக்கலாமா?

வேண்டாம். பூனைக்கு முதலில் இடம் பழக வேண்டும், மனிதர்கள் பிறகுதான். தெரியாத வாசனை, தெரியாத குரல்கள், ஓடி ஒளிய எங்கே வழி என்று தெரியாத அறைகள். இந்த நிலையில் ஒளிந்துகொள்வது புத்தியுள்ள பூனை செய்கிற காரியம். இழுத்து எடுத்தால், ஒளிந்த இடமும் பாதுகாப்பில்லை என்று கற்றுக்கொள்ளும்.

வீட்டில் ஓர் அறையை மட்டும் அதற்குக் கொடுங்கள். படுக்கையறை ஒன்று போதும். ஒரு மூலையில் மணல் பெட்டி, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று. கூட்டிவந்த கூண்டையும் கதவைத் திறந்தபடி அங்கேயே வைத்துவிடுங்கள்; அதன் சொந்த வாசனை உள்ள ஒரே பொருள் அதுதான். அறைக்கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கட்டும். கோடையில் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறப்பீர்கள். திருடனுக்காகப் போட்ட கம்பி பூனையைத் தடுக்காது, வலை வேண்டும்.

நம் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. பூனை வந்த செய்தி பரவியதும் குழந்தை பிறந்த வீட்டுக்கு வருவதுபோல மாமா, பெரியம்மா, பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். முதல் வாரத்துக்கு அவர்களுக்குத் தேநீர் கொடுத்து வரவேற்பறையிலேயே உட்கார வையுங்கள்.

பழகுவதற்கு எத்தனை நாளாகும்?

மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள்: பயம் சற்றுத் தணிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை புரிய மூன்று வாரம், இது நம் வீடு என்று நினைக்க மூன்று மாதம். சில பூனைகள் முதல் இரவே தலையணையில் ஏறிப் படுக்கும். அடிபட்டு வளர்ந்த பூனைக்கு ஓராண்டுகூட ஆகலாம். கணக்கைப் பார்க்காதீர்கள், பூனையைப் பாருங்கள். இரவில் சாப்பாடு குறைகிறது, மணல் பெட்டியில் அடையாளம் இருக்கிறது என்றால் எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருக்கிறது.

கிட்டே வர வைக்க என்ன செய்வது?

எதுவும் செய்யாமல் தரையில் உட்காருங்கள். செய்தித்தாளைச் சற்று வாய்விட்டுப் படியுங்கள், அது உங்கள் குரலுக்குப் பழகும். முறைத்துப் பார்க்காதீர்கள், பூனைகளுக்கிடையே அது சண்டைக்கு அழைப்பு. கண் கலந்தால் இமைகளை மெதுவாகப் பாதி மூடி, மெதுவாகத் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மெதுவாகக் கண் சிமிட்டியவர்களுக்குப் பூனைகளும் பதிலுக்கு அப்படியே சிமிட்டின. முன்பின் தெரியாதவர் சிமிட்டிவிட்டுக் கையை நீட்டியபோது, சும்மா முகத்தை வைத்திருந்தவரைவிட அவரிடம் அதிகம் நெருங்கின.

அது அருகே வந்தால் ஒரு விரலை மூக்கு உயரத்தில் நீட்டுங்கள். முகர்ந்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்தால் கன்னத்தையும் தாடையையும் வருடலாம். தேய்க்காமல் திரும்பிப் போனால் அன்றைக்கு அவ்வளவுதான். மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளம். வயிற்றைத் தடவ அனுமதி அல்ல. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கீறல்களில் பெரும்பங்கு அங்கேதான் விழுகிறது.

சாப்பிடவே மாட்டேன் என்கிறது. பசித்தால் தானே சாப்பிடும் அல்லவா?

இது "சும்மா விடுங்கள்" பாதியைச் சேர்ந்ததல்ல. முதல் நாள் கொஞ்சமாகச் சாப்பிடுவது சகஜம். ஆனால் வளர்ந்த பூனை 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். குட்டியானால் அவ்வளவு நேரமும் காத்திருக்கக் கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின் உடல் சேமித்த கொழுப்பைக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அதன் கல்லீரல் அதைச் சமாளிக்க முடியாமல் கொழுப்பால் நிறைந்து செயலிழக்கிறது. குண்டுப் பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். "உடம்பில் சதை இருக்கிறது, தாங்கும்" என்ற கணக்கு இங்கே தலைகீழ்.

காப்பகத்தில் என்ன சாப்பிட்டது என்று கேட்டு, அதையே முதல் வாரம் கொடுங்கள். மாற்ற வேண்டுமானால் பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். ஈர உணவைக் கைச்சூடு அளவுக்கு வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும். பூனை மூக்கால்தான் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. சளி பிடித்து மூக்கடைத்த பூனை சாப்பிடாததற்கும் அதுவே காரணம். இந்த நாட்டில் ஸ்நஃபிள்ஸ் என்று சொல்வார்களே, அந்தப் பூனைச் சளிக்காய்ச்சல் காப்பகப் பூனைகளிடம் அடிக்கடி வரும். கண்ணில் நீர், தும்மல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாலும் மீன் குழம்புச் சோறும் கொடுத்து வளர்க்கலாமா? ஆயா காலத்தில் அப்படித்தானே வளர்த்தார்கள்?

ஆயா காலத்துப் பூனை கரும்புத் தோட்டத்து எலிகளைத் தின்று வளர்ந்தது; சோறு அதற்குக் கொசுறு. பால் குடி மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கில் போய் முடியும். தண்ணீர் போதும்.

குழம்பில் பிரச்சினை மிளகாய் மட்டுமல்ல. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. தக்காளிச் சாற்றில் வரும் டின் பில்ச்சர்ட் மீனும் அதன் உப்பும் வேண்டாம். மசாலா சேர்க்கும் முன் எடுத்து வைத்த, முள் நீக்கிய வெந்த மீன் ஒரு துண்டு எப்போதாவது கொடுக்கலாம். கோழி எலும்பு கூடவே கூடாது. வெந்த எலும்பு கூராக உடையும்.

புரட்டாசி வருகிறது. மாதம் முழுவதும் வீட்டில் மாமிசம் கிடையாது. பூனைக்கும் சைவமாகக் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. பூனையின் உடலுக்கு டாரின் என்ற அமினோ அமிலம் கட்டாயம் வேண்டும். மனித உடல் அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது, நாய்களில் பெரும்பாலானவையும் அப்படியே. பூனையால் போதுமான அளவு தயாரிக்க முடியாது. இறைச்சியிலும் மீனிலும் மட்டுமே அது தேவையான அளவில் கிடைக்கிறது. பருப்பு, காய்கறியில் ஏறக்குறைய இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை அழிகிறது என்று 1975-ல் கண்டுபிடித்தார்கள். இதயத் தசை வலுவிழந்து விரிவதற்கும் அதுவே காரணம் என்பது 1987-ல் தெரிந்தது. அதன் பிறகே உணவு நிறுவனங்கள் டாரின் அளவைக் கூட்டின. வைட்டமின் ஏ-யும் இப்படித்தான்: கேரட்டிலிருந்து நாம் ஆக்கிக்கொள்வதைப் பூனையால் ஆக்க முடியாது.

விரதம் உங்களுடையது, பூனை நேர்ந்துகொள்ளவில்லை. அதே சமயம், புரட்டாசிச் சனிக்கிழமையில் பூஜைப் பாத்திரம் கழுவும் இடத்தில் மீன் டின் திறந்தால் ஆயாவுக்கு எப்படி இருக்கும் என்பதும் எனக்குப் புரிகிறது. பல வீடுகளில் நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது: அந்த மாதம் முழுவதும் நல்ல தரமான உலர் உணவு, அதற்கென்று தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, சமையலறைக்குப் பதில் துணி துவைக்கும் இடத்தில் பரிமாறல். மூட்டை மூடியே இருக்கும், வாசனையும் அதிகம் வராது. விரதம் இருக்காத பிள்ளை ஒருவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டால் பேச்சே எழாது. ஈர உணவுக்குப் பழகிய பூனையானால் புரட்டாசி தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே உலர் உணவைக் கலந்து பழக்குங்கள். தண்ணீர்க் கிண்ணத்தையும் ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள்.

சாமி விளக்கு, சாம்பிராணி, பூஜைப் பூக்களால் ஆபத்து உண்டா?

உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் வரிசையில் அல்ல.

விளக்கைப் பூனை தள்ளிவிடும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. பூனை விளக்கைச் சுற்றி அழகாகக் காலெடுத்து வைத்து நடக்கும். வாலுக்கு மட்டும் அந்தக் கவனம் இராது. காமாட்சி விளக்கின் சுடர் வால் நுனிக்குச் சரியான உயரம். முடி கருகும் வாசனை வந்த பிறகுதான் பூனையே திரும்பிப் பார்க்கும். விளக்கைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வையுங்கள், அல்லது எரியும் நேரம் பூஜையறைக் கதவைச் சாத்துங்கள். சாம்பிராணிப் புகையின்போது பூனை வேறு அறையில் இருக்கட்டும். கற்பூரம் விஷம், டப்பாவை மூடி வையுங்கள்.

உண்மையான எமன் பூக்களில் இருக்கிறது. லில்லி மலர்கள் பூனையின் சிறுநீரகத்தைக் கொல்லும். இதழ், இலை, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர், எல்லாமே விஷம். உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கிச் சுத்தம் செய்தாலே போதும், இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் நின்றுவிடலாம். துக்க வீட்டு மலர்வளையத்திலும் அன்னையர் தினப் பூங்கொத்திலும் லில்லி இருக்கும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் சாலையோரங்களில் களையாகவே வளர்ந்து நிற்கும் நீண்ட வெள்ளை லில்லியும் அந்த இனம்தான். பறித்து வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். மென்றதைப் பார்த்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பூஜைக்குப் பறிக்கும் அரளியும், தோட்டத்தில் பனைபோல வளரும் சைக்காடு செடியும் கடும் விஷம். மல்லிகையும் துளசியும் பயப்பட வேண்டியவை அல்ல.

தரையை ஜெய்ஸ் ஃப்ளூயிட் என்ற கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறோம். பூனைக்குக் காய்ச்சல் வந்தால் பனாடோ என்ற பாரசிட்டமால் மாத்திரை கொடுக்கலாமா?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது, அதனால் சேர்த்துச் சொல்கிறேன். சில வேதிப்பொருள்களைச் சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் வேலையை நம் கல்லீரல் செய்கிறது. அதற்கு வேண்டிய முக்கியமான ஒரு நொதி பூனையிடம் வேலை செய்வதில்லை. தலைமுறை தலைமுறையாக இறைச்சி மட்டுமே தின்று வந்ததால், தாவர நச்சுகளைச் சமாளிக்கும் அந்த வசதி அதற்குத் தேவைப்படவில்லை.

ஆகவே நமக்குச் சாதாரணமான பாரசிட்டமால் பூனையின் உடலில் தங்கி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். பனாடோ ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சு வாங்கும். அன்போடு கொடுத்த மாத்திரை என்பதால் விளைவு மாறாது.

ஜெய்ஸ் ஃப்ளூயிடில் உள்ள தார் அமிலங்களும் இதே கணக்குதான். பூனை குடிக்க வேண்டியதில்லை. ஈரத் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினால் போதும். முற்றம், சாக்கடை கழுவ அதை வைத்துக்கொள்ளும் வீடுகள் பூனை வந்ததும் பழக்கத்தை மாற்றத்தான் வேண்டும். சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாக அலசிவிடுங்கள். தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களும் பூனைமேல் படக் கூடாது.

மணல் பெட்டியை விட்டுவிட்டு மெத்தையில் போகிறது. பழிவாங்குகிறதா?

பூனைக்குப் பழிவாங்கும் புத்தி கிடையாது. பெட்டியில் ஏதோ பிடிக்கவில்லை, அல்லது உடம்பில் ஏதோ வலிக்கிறது. பெட்டி சிறியதா, மூடி போட்டதா, வாசனை கலந்த மணலா, துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலா, நாய் வந்து எட்டிப் பார்க்கும் இடமா என்று பாருங்கள். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையான பூனையின் நீளத்தைவிட ஒன்றரை மடங்கு பெரிய பெட்டி, வாசனையில்லாத மணல் நான்கைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, தினமும் அள்ளுதல். இரண்டு பூனை இருந்தால் மூன்று பெட்டி. சிறு குட்டிகள் மணலைத் தின்னும் என்பதால் கட்டியாகும் மணலை அவற்றுக்கு வைக்காதீர்கள். மரத்தூள் உருண்டையோ கிழித்த செய்தித்தாளோ போதும்.

அழுக்கான இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் பூனைக்கு அது சிறுநீர் வாசனையாகவே படும். நொதி கலந்த சுத்திகரிப்பானை வாங்குங்கள். மூக்கைத் தேய்த்து அடிப்பதால் ஒரு பூனையும் திருந்தியதில்லை.

ஆண் பூனை அடிக்கடி பெட்டிக்குப் போய் முக்குகிறது, எதுவும் வரவில்லை. மலச்சிக்கலா?

படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள், இரவு இரண்டு மணியானாலும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். விளக்கெண்ணெய், கஷாயம் எதுவும் வேண்டாம். வீட்டுப் பூனை வறண்ட நிலத்து ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழி வந்தது. இரையின் ஈரத்திலேயே தாகம் தீர்த்த இனம், தண்ணீரைத் தேடிக் குடிக்காது. ஈர உணவு நல்லது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாய்ப்பூனை குட்டியைக் கழுத்தில் கவ்வுகிறதே, நாமும் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கலாமா?

மார்ச்சார நியாயத்தை வைணவர்கள் சரணாகதிக்கு உவமை சொல்வார்கள்: குட்டி எதையும் பிடித்துக்கொள்வதில்லை, தாயே கவ்விக்கொண்டு போகிறது. உவமை குட்டியைப் பற்றியது, அதுவும் சில வாரக் குட்டியைப் பற்றியது. கவ்வியதும் உடலைத் தளரவிடும் அனிச்சைச் செயல் அந்த வயதில் இருக்கிறது. தாய்க்கு எவ்வளவு அழுத்தம் என்பதும் தெரியும். நான்கு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனையை அப்படித் தூக்கினால் வலி, பயம், அதோடு உங்கள் மேல் அவநம்பிக்கை. ஒரு கையை மார்புக்குக் கீழும் மறு கையைப் பின்னங்கால்களுக்குக் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்துத் தூக்குங்கள்.

கருத்தடை செய்வது பாவமில்லையா? ஒரு முறையாவது குட்டி போடட்டுமே.

எஸ்.பி.சி.ஏ.யிலிருந்து வந்த பூனைக்கு அநேகமாக ஏற்கெனவே செய்திருப்பார்கள். இந்தக் கேள்வி தெருவிலிருந்து வந்தவற்றுக்கு. ஒரு முறை ஈனுவதால் பெண் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை. கர்ப்பம் ஒன்பது வாரம்தான். நான்கைந்து மாதக் குட்டியே சினையாகிவிடும்.

பெருக்கத்தின் வேகத்தைத் தென்னாப்பிரிக்கா நேரில் பார்த்திருக்கிறது. தெற்கே இந்தியப் பெருங்கடலில் நம் நாட்டுக்குச் சொந்தமான மரியன் தீவில், வானிலை நிலையத்து எலித்தொல்லைக்காக 1949-ல் ஐந்து பூனைகளைக் கொண்டு விட்டார்கள். 1977 வாக்கில் எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியது; ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கடற்பறவைகளைத் தின்றன. வைரஸைப் பரப்பியும் இரவில் சுட்டும் பொறி வைத்தும் 1991-ல்தான் கடைசிப் பூனையை ஒழித்தார்கள். பாவக் கணக்குப் பார்ப்பவர்கள் இதையும் எழுதிக்கொள்ளலாம். செப்டம்பர் தாண்டினால் இங்கே காப்பகக் கூண்டுகள் குட்டிகளால் நிரம்பி வழிகின்றன. எல்லாவற்றுக்கும் வீடு கிடைப்பதில்லை.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு ரேபிஸ் ஊசி எதற்கு?

சட்டம் கேட்கிறது, ஊரும் கேட்கிறது. குவாசுலு-நட்டாலில் ரேபிஸ் நீண்ட காலமாக நிலைத்திருக்கிறது. நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் தடுப்பூசி இந்நாட்டில் கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, அடுத்த ஒன்று முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் இரண்டாவது, பிறகு மூன்றாண்டுக்கு ஒரு முறை. மாகாண அரசின் கால்நடை மருத்துவப் பிரிவு நடத்தும் முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். சளிக்காய்ச்சல், பான்லுகோபீனியா என்ற கொடிய வைரஸ் நோய் ஆகியவற்றுக்கான கூட்டு ஊசி தனி. அதை எட்டு வார வயதிலிருந்து தொடங்குவார்கள். தெருப் பூனையானால், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்.ஐ.வி., லுகேமியா வைரஸ்களுக்கான சோதனையும் செய்துவிடுங்கள்.

தெரியாத பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே கிளினிக்குக்குப் போங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற வழியில்லை.

உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் தாங்க முடியவில்லை. நாய்க்கு வாங்கிய மருந்தையே விடலாமா?

விடவே கூடாது. நாய்க்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனைக்கு அது வலிப்பும் மரணமும். அட்டையில் பூனைப் படம் இருக்கிறதா, எடை பொருந்துகிறதா என்று பாருங்கள். டர்பன் ஈரப்பதத்தில் தெள்ளுப்பூச்சிக்கு ஓய்வே இல்லை, ஆண்டு முழுவதும் மருந்து வேண்டும். தெள்ளுப்பூச்சியை விழுங்கிய பூனைக்கு நாடாப்புழு வரும். வால் அடியில் அரிசி போல ஒட்டியிருக்கும்.

இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும் ஒட்டுண்ணியால் வரும் பிலியரி நோய் கடற்கரை மாகாணங்களில் பூனைக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நாய்க்குப் பிலியரி வந்தால் காய்ச்சல் அடிக்கும்; பூனைக்குப் பெரும்பாலும் காய்ச்சல் இல்லாமலே வரும். சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, வெளிறிய ஈறு. புதுப் பூனை கூச்சத்தால் ஒடுங்கியிருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவது எளிது. சந்தேகம் வந்தால் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

எப்போது வெளியே விடலாம்?

குறைந்தது மூன்று நான்கு வாரம் உள்ளேயே. என் கருத்து, விடாமலே இருப்பது மேல். வலை அடித்த வராண்டா இருந்தால் வெயிலும் வேடிக்கையும் அங்கேயே கிடைத்துவிடும்.

சில்வர்கிளென் காப்புக்காட்டை ஒட்டிய தெருக்களில் குரங்குக் கூட்டம் தினமும் வரும். குரங்கு பூனையைத் தேடி வருவதில்லை. வெளியே வைத்த பூனைச் சாப்பாட்டைத் தேடி வருகிறது. கிண்ணத்தை உள்ளே வைத்தால் தகராறு பாதி குறையும். நச்சு துப்பும் மொசாம்பிக் நாகமும் டர்பன் தோட்டங்களில் சாதாரணம். பூனை கண்ணைக் கசக்கி, இமை வீங்கி வந்தால் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே மருத்துவருக்கு ஆள் அனுப்புங்கள்.

பறவைகளின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்த நகரப் பூனைகள் ஆண்டுக்குச் சுமார் 2.75 கோடி சிற்றுயிர்களைக் கொல்கின்றன. வீட்டுக்குக் கொண்டுவருவது அதில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற பழைய கேள்விக்கு இங்கே பதில் நீங்கள்தான். இழுத்தால் தானே கழன்றுவிடும் கழுத்துப்பட்டையாகப் பார்த்துக் கட்டுங்கள், கிளையில் மாட்டினால் தூக்காகிவிடும்.

தீபாவளி வெடிச் சத்தத்துக்கு என்ன செய்வது?

பகலிலேயே உள்ளே கொண்டுவந்து, முதல் வாரம் தங்கிய அதே அறையில் திரையை மூடி வையுங்கள். வானொலி மெதுவாகப் பாடட்டும். ஒளிந்தால் ஒளியட்டும், மடியில் பிடித்து வைக்காதீர்கள். நம் தீபாவளி முடிந்தும் முடியாமலும் நவம்பர் 5-ஆம் தேதி கை ஃபாக்ஸ் இரவு வந்துவிடும், பிறகு புத்தாண்டு. மிகவும் பயப்படும் பூனைக்கு மருத்துவரிடம் முன்கூட்டியே மருந்து கேட்டு வைக்கலாம்.

மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். பூனையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா?

தேவையில்லை. பயப்பட வேண்டியது டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது மலத்தில் வெளியான உடனே தொற்றாது, ஒரு நாளாவது ஆக வேண்டும். மணல் பெட்டியைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் அந்த வழி அடைபடும். அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத காய்கறியும்தான் இந்த ஒட்டுண்ணி மனிதருக்கு வரும் பெரிய வழிகள். தோட்ட வேலைக்குக் கையுறை போடச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கச் சொல்லும் அத்தைமார்களிடம் பிராய் என்ற திறந்தவெளித் தணல் அடுப்பில் பாதி வெந்த இறைச்சியைப் பற்றியும் பேசிப் பாருங்கள்.

கருப்புப் பூனை வீட்டுக்கு ஆகாது என்கிறார்களே?

ஆகும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் அனுமதி தர மறுக்கிறார்கள்.

சொந்த வீடானாலும் குடியிருப்பு அறங்காவலர்களின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். ஆனால் சட்டத்தோடு வரும் மாதிரி நடத்தை விதிகளின்படி, நியாயமான காரணம் இல்லாமல் அவர்கள் மறுக்கக் கூடாது. கருத்தடைச் சான்று, தடுப்பூசி அட்டை, வலை அடித்த பால்கனியின் படம் ஆகியவற்றை இணைத்துக் கடிதம் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே மறுப்பார்கள். பூனை வருவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனையும் நாயும் இருக்கின்றன.

முகம் காட்டுவதற்கு முன் வாசனையைக் காட்டுங்கள். புதியது படுத்த துணியைப் பழையதன் இடத்திலும், பழையதன் துணியைப் புதியதன் அறையிலும் சில நாள் போடுங்கள். சீறல் நின்றதும் மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. பிறகு கதவு ஓர் அங்குலம் திறக்கட்டும். "சண்டை போட்டுத் தானே தீர்த்துக்கொள்ளும்" என்று ஒன்றாக விட்டால், அந்தச் சண்டை ஆண்டுக்கணக்கில் தீராது. நாய் கயிற்றில் இருக்க வேண்டும்; பூனை ஏறித் தப்ப உயரமான அலமாரி ஒன்று வேண்டும்.

கதவு திறந்த நேரத்தில் ஓடிவிட்டது. எங்கே தேடுவது?

பக்கத்தில். பயந்த பூனை தூரம் போகாது. ஓடிய இடத்துக்குச் சில வீடுகள் தள்ளி, காருக்கு அடியிலோ படிக்கட்டுக்குக் கீழோ மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும். பெயர் சொல்லிக் கூட்டமாகக் கத்தாதீர்கள். தெரு அடங்கிய பிறகு ஒருவர் மட்டும் கைவிளக்கோடு போய்த் தாழ்வான இடங்களில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், கண்கள் மின்னும். அக்கம்பக்கத்துக் கார் கொட்டகைகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எஸ்.பி.சி.ஏ.க்கும் அருகிலுள்ள கால்நடை மருத்துவர்களுக்கும் படத்தோடு தகவல் கொடுங்கள். தோலுக்கடியில் அடையாளச் சிப் இருந்தால் அதில் பதிவான தொலைபேசி எண் இப்போது உங்களுடையதுதானா என்று இன்றே சரிபாருங்கள். தத்தெடுத்த பூனைகளில் பழைய உரிமையாளரின் எண்ணோ காப்பகத்தின் எண்ணோ அப்படியே இருந்துவிடுவதுண்டு.